களவா மீனுக்கு இரண்டு வெளிச்சம்

எங்கள் தேவாலயச் சபை வருஷாவருஷம் அச்சடிக்கும் காலண்டரில் எந்த நாட்டு மலை என்றே தெரியாத ஒரு பனிமலைதான் இருக்கும். இந்த முறை நம் கடலைப் போடலாம் என்று கமிட்டியில் எழுந்து பேசியவர் என் மாமனார். "எனக்க மருமவன் வெள்ளத்துக்குள்ள முங்கிப் படம் எடுப்பாரு. நான் பொறுப்பு" என்று வாக்கும் கொடுத்துவிட்டார். குழித்துறையில் கல்யாணப் படம் எடுத்துப் பிழைக்கிறவன் நான். கடலுக்குள் எடுப்பதெல்லாம் ஆசைக்கு. என்னிடம் இருந்தது கேமராவின் ஒரு பக்கம் மாட்டி மின்னலடிக்கும் ஸ்ட்ரோப் விளக்கு ஒன்றே ஒன்று. அதனால் நான் எடுக்கும் மீன்களுக்கெல்லாம் பாதி முகம் இருட்டாகவே இருக்கும்.

வளைகுடாவில் முக்குளிப்பு வேலை பார்க்கும் என் மச்சினன் அப்போது லீவில் வந்திருந்தான். தன் ஸ்ட்ரோபைத் தருவதாகச் சொன்னான். என்னுடையது பழசு, லேசான மஞ்சள் வெளிச்சம். அவனுடையது நீலம் கலந்த வெள்ளை, பலமும் இரண்டு மடங்கு. துணி துவைக்கும் தொட்டியில் வெள்ளைத் தட்டொன்றை முக்கி, இரண்டையும் ஒன்றாக அடித்துப் பார்த்தேன். சண்டை போட்ட சம்பந்திகளைப் போல மஞ்சளும் நீலமும் தட்டின் இரு பக்கமும் தனித்தனியாக நின்றன.

விடவில்லை. கிறிஸ்துமஸ் ஸ்டார் செய்து மிஞ்சிய மஞ்சள் கண்ணாடித் தாளை வெட்டி அவன் விளக்கின் முகத்தில் ரப்பர் பேண்டால் கட்டினேன். பலத்தைப் பாதியாகக் குறைத்து, கொஞ்சம் தள்ளியும் வைத்தேன். தட்டு முழுக்க ஒரே நிறம்! தலைகால் புரியாமல் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"சரி, தட்டைக் கழுவி வையுங்க" என்றாள்.

நானும் மச்சினனும் முட்டத்துப் பாறைகளுக்கு அப்பால் வள்ளத்தில் போய் இறங்கினோம். ஒரு பொந்தின் வாசலில் பெரிய களவா மீன் ஒன்று, பந்தியில் இடம் கிடைக்காதவரின் மூஞ்சியோடு நின்றது. பதற்றத்தில் விளக்குகளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அடித்தேன். அந்த ஒரு படத்தோடு அது உள்ளே போய்விட்டது. என் சிலிண்டரில் காற்று தீரும்வரை எட்டிப் பார்க்கவில்லை.

மேலே வந்து பார்த்தால் மீனின் ஒரு பக்கம் மஞ்சள், மறுபக்கம் கண்கூசும் நீலம். மச்சினன் விளக்கில் தாளைக் காணோம்.

"நான்தான் எடுத்தேன் அத்தான். வள்ளக்காரங்க எல்லாம் பாக்காங்க, எனக்க லைட்டுக்கு மஞ்சக்காமாலை வந்த மாதிரில்லா இருந்து! ஃபுல் பவரும் வச்சு விட்டேன்."

ரப்பர் பேண்டால் அவன் கழுத்தைக் கட்டலாம்போல ஆத்திரம் வந்தது. ஆனால் மறுநாளே கமிட்டி. வேறு படமும் இல்லை.

கமிட்டியில் படம் ஒவ்வொரு கையாக மாறிப் போனது. "இது என்ன ஓய், பாதி மீனு நீலமா இருக்கு?" என்றார் ஒருவர். மன்னிப்புக் கேட்க நான் வாயைத் திறப்பதற்குள் மாமனார் எழுந்துவிட்டார்.

"மஞ்சள் பகலு, நீலம் ராத்திரி. ரெண்டையும் உண்டாக்கினது ஆராக்கும்? மருமவன் படைப்பையே ஒரு மீனுல காட்டியிருக்காரு!"

"ஸ்தோத்திரம்" என்றது ஒரு குரல். படம் நிறைவேறியது.

வெளியே வந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கண் கலங்கிவிட்டது. "எனக்கே தோணல மாமா. படத்தை எவ்வளவு அழகாப் புரிஞ்சிருக்கிய!"

அவர் பின்னால் ஆள் வருகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"படம் கேடாப் போச்சுன்னு தெரியாம இருக்க எனக்கென்ன கண்ணா அவிஞ்சு போச்சு? பொறுப்புன்னு சொல்லித் தொலைச்சிட்டேன்லா! ஆராவது கேட்டா நீரும் பகலு, ராத்திரின்னே சொல்லும்."

சொல்லிக்கொண்டிருக்கிறேன்.