இரண்டாகத் தெரிந்த காரியக்காரர்

என் கையெழுத்து கோழி கிளறியது போல் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழை இருந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தத் தோலுறையின் வாசனையைப் பிழையில்லாமல் சொல்லிவிடுவேன்: கற்பூரமும் பழைய செருப்பும் கலந்த வாசனை. பினாங்கிலிருந்து திரும்பிய மாமா, அம்மாவின் அண்ணன், அதற்குள் ஒரு பிலிம் காமிரா வைத்திருந்தார்.

குடியிருக்கிறவனுக்கே மனை சொந்தம் என்று அரசாங்கம் சட்டம் போட்டிருந்த காலம். மன்னார்குடிப் பக்கத்தில், பண்ணையார் திடலில் இருந்த எங்கள் கூரை வீட்டுக்கு அம்மாவும் மனுப் போட்டிருந்தாள். விசாரணையில் பண்ணையின் காரியக்காரர், அது மாட்டுக் கொட்டகை, ஆள் யாரும் குடியில்லை என்று சொல்லிவிட்டார். மாமா எங்களை வாசலில் நிறுத்திப் படம் பிடித்துக் கொண்டுபோய் விசாரணை அதிகாரியிடம் நீட்டினார். படம் முழுக்கப் புகை மூட்டம் போல மங்கல். காரியக்காரர் எட்டிப் பார்த்து, "நிக்கிறது ஆளா மாடான்னே தெரியலீங்களே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த விசாரணைக்குத் தெளிவான படம் வராவிட்டால் மனை இல்லை என்றார் அதிகாரி.

கப்பலில் வரும்போது காமிரா ஒருமுறை விழுந்திருந்தது. அந்த வகைக் காமிராவில், கண் வைத்துப் பார்க்கிற கண்ணாடிக்குள் எந்தப் பொருளும் முதலில் இரண்டாகத்தான் தெரியும். லென்சு வளையத்தைத் திருப்பத் திருப்ப நெருங்கிவந்து ஒன்றாகும்போது அமுக்கினால் படம் தெளிவாக விழும். அடிபட்டதில் அந்தக் கணக்குப் பிசகிவிட்டது. வளையத்தைத் தூரத்துக் குறியில் வைத்து, வெகுதூரத்தில் இருப்பது ஒன்றாகத் தெரிகிறவரை உள்ளே ஒரு சின்னத் திருகாணியைத் திருக வேண்டும். மாமாவுக்கோ தூரப் பார்வை மங்கல். அதனால் கண் என்னுடையது, கை அவருடையது. வாய்க்காலுக்கு அக்கரைத் தென்னையை வைத்து ஆரம்பித்தார். வறட்டி தட்டிக்கொண்டிருந்த அம்மா, "தென்னை ஒரு தூரமாண்ணே? கோபுரத்தப் பாருங்க" என்றாள்.

அறுவடை முடிந்த வயல்களுக்கு அப்பால், வரப்பில் ஏறினாலே மன்னார்குடிக் கோபுரம் தெரிந்தது. கண்ணாடிக்குள் ஒவ்வொரு கலசமும் இரட்டைப் பிள்ளையாக நின்றது. கடிகாரக் கடையில் இரவல் வாங்கிய சின்னத் திருப்புளியால் மாமா மயிரிழை மயிரிழையாகத் திருகினார்.

"இப்ப?"

"இன்னும் ரெண்டுதான் மாமா."

"இப்ப?"

"தாண்டிப் போச்சு."

"கண்ணுல என்னடா, பீளையா?"

கடைசியில் ஒரு கோபுரம் நகர்ந்து இன்னொன்றின் மேல் போய் உட்கார்ந்தது. மூச்சுவிட்டால் கலைந்துவிடுமோ என்று நான் அப்படியே நின்றேன்.

மறுநாள் படம். நாலு பேர் பார்த்தாலே எனக்கு வியர்த்துவிடும். வாசலில் நிற்க மாட்டேன் என்றேன். சரி, நீயே எடு என்று மாமா காமிராவை என் கையில் கொடுத்துவிட்டார். பண்ணையார் முன் நிற்கிற பழக்கத்தில் துண்டை இடுப்பில் கட்டப்போன அப்பாவிடம் அம்மா, "தோள்லயே கெடக்கட்டும்" என்றாள். அந்த நேரம் பார்த்துக் காரியக்காரர் வந்தார். "படம் கேக்குதா உங்களுக்கு? சட்டி பானையத் தூக்கிக்கிட்டுக் கெளம்புங்க" என்று அம்மாவை நோக்கிக் கையை நீட்டினார். என்னைக் கவனிக்கவில்லை. கண்ணாடிக்குள் இரண்டு காரியக்காரர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். வளையத்தைத் திருப்பினேன்.

"ஒண்ணாயிட்டாரு மாமா."

"அமுக்குடா."

அடுத்த விசாரணையில் அதிகாரி அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்பாவின் துண்டு நூல்கூடத் தெரிந்தது. காரியக்காரரின் காதுக் கடுக்கனும் தெரிந்தது. படத்தை அவர் பக்கம் திருப்பி, "இது நீங்கதானே? மாட்டுக்கிட்டயா கைய நீட்டிப் பேசிட்டிருக்கீங்க?" என்றார். அன்றைக்கும் எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மனை எங்களுதுதானுங்களே?" என்று ஒருமுறை கேட்டு உறுதிசெய்துகொண்டாள்.

இன்று அதே மனையில் மாடி வீடு கட்டியிருக்கிறோம். வரப்பில் ஏறினால் கல்யாண மண்டபம்தான் தெரிகிறது, கோபுரம் தெரிவதில்லை. அந்தக் காமிராவுக்குப் பிலிம் இந்தப் பக்கம் எங்கும் கிடைப்பதில்லை. படம் மட்டும் கூடத்தில் மாட்டியிருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள், கடுக்கன் போட்டிருக்கிறவர் யார், சொந்தமா என்று கேட்பார்கள்.

இல்லீங்க, எங்க சாட்சி என்று சொல்வேன்.

எழுதி முடித்தது: ஆடிப் பதினெட்டு.