பனங்கொட்டை என்று நினைத்தோம்

காலை ஆறரை மணி. முதலில் கண்ணில் பட்டது, பசுவின் வாயிலிருந்து நூலாகத் தரைவரை இறங்கிய எச்சில். எழுபதுகளின் நடுவில் ஒரு புரட்டாசி. கோயமுத்தூர்ப் பத்திரிகை வேலையில் விடுப்பு எடுத்து, கேரள எல்லைக்குள் இருக்கும் எருத்தேன்பதியில் அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தேன்.

பனம்பழம் விழும் காலம். பழத்தைச் சப்பும் மாடுகளுக்குத் தொண்டையில் கொட்டை சிக்குவதும், யாராவது கை விட்டு எடுப்பதும் எங்கள் பக்கம் வழக்கம். அண்ணனுக்குத் தடித்த கை. அதனால் முந்தின நாள் சாயங்காலம், ஐந்து மாதக் கர்ப்பிணியான அண்ணி வளையல்களைக் கழற்றி, விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு, முழங்கைவரை விட்டுத் தேடியிருந்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. பல் பட்டு வலது புறங்கையில் ஒரு கீறல்.

"ராத்திரி பூரா கத்தி ஊரையே கூட்டீருச்சு. உன்ற பேப்பர்ல போடுடா," என்றார் அண்ணன்.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் சைக்கிளில் வந்தார். மலையாளி, எங்களோடு பேசிப் பேசித் தமிழ் பழகியவர். அவர் பசுவைத் தொடவில்லை. வாளியில் தண்ணீர் வைக்கச் சொன்னார். பசு மூஞ்சியை முக்கியது. விழுங்க முடியவில்லை. உடைந்த குரலில் கத்தியது.

"நாய் கடிச்சதோ?"

"போன மாசம் ஒண்ணு மாட்டுக் கட்டுத்தரைக்குள்ள பூந்துச்சுங்க. அடிச்சு வெரட்டிட்டோம்," என்றார் அண்ணன். "இது கொட்டைதானுங்க. ஒரு ஊசி போட்டு உடுங்க."

"கொட்டை அல்ல. பேவிஷம். வெறிநாய் கடிச்சது. இதுக்கு மருந்து கிடையாது. நீங்க சம்மதிச்சா, கஷ்டப்படாம முடிச்சிடலாம்."

"என்ற ஊட்டு மாட்டைக் கொல்றதுங்களா? ஆகாதுங்க."

டாக்டர் பெட்டியை மூடினார். "வாயில கை விட்டது யாரு?"

"நாந்தானுங்க," என்றார் அண்ணி.

டாக்டரே தண்ணீர் ஊற்ற, அண்ணி சோப்புப் போட்டுக் கழுவினார். நெடுநேரம் கழுவினார். டாக்டர் நிறுத்தச் சொல்லவில்லை.

"இன்னைக்கே பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்குப் போகணும். தினம் ஊசி உண்டு."

"எங்கீங்க போடுவாங்க?" என்று கேட்டார் அண்ணி.

"வயித்துல."

அண்ணி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் டாக்டரைப் பார்த்தார். "உள்ள இருக்கறதுக்கு ஒண்ணும் ஆகாதுங்களா?"

"நான் மாட்டு டாக்டர். அதைச் சொல்ல வேண்டியது நான் இல்ல. நோய் வந்துட்டா இவங்களைக் காப்பாத்த முடியாது. அது எனக்குத் தெரியும்."

"நீங்களே போட்டரக் கூடாதுங்களா?" என்றார் அண்ணன்.

"மனுஷங்களுக்குப் போட எனக்கு அனுமதியில்ல. மருந்தும் இல்ல."

அண்ணி உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தார். பசுவுக்கு இன்னொரு கயிறு போடச் சொல்லி, அருகில் யாரும் போகக்கூடாது என்று இரண்டு முறை எச்சரித்துவிட்டு, டாக்டரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எங்களோடு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். வளைவுவரை பசுவின் குரல் கேட்டது.

பஸ் வந்தது. அண்ணி இடது கையால் கம்பியைப் பிடித்து ஏறினார்.