சந்தனத்துக்கு ஓர் இடம்

ஒட்டன்சத்திரத்தில் எங்கள் காய்கறி மண்டி ஆபீசின் ஆறு கம்ப்யூட்டர்களையும் பார்த்துக்கொள்ள திண்டுக்கல்லிலிருந்து ஒருவர் வருவார். ஒல்லி உடம்பு, எப்போதும் நெற்றிக்கு ஏற்றிவிட்ட கண்ணாடி. ஒவ்வொரு மெஷினின் லைசென்ஸ் கீயையும் சின்ன வெள்ளை ஸ்டிக்கரில் எழுதி, அதன் முகப்பிலேயே ஒட்டிவைப்பது அவர் வழக்கம்.

ஆயுத பூஜை முடிந்து ஆபீஸ் திறந்த அன்று, பில் போடும் மெஷின் கீ கேட்டு நின்றுவிட்டது. வாசலில் கேரளா லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. பைக்கில் பறந்து வந்தவர் பார்த்தால், ஆறு ஸ்டிக்கர் மேலும் சந்தனம், குங்குமம். துடைத்தார். எழுத்தும் கூடவே வந்துவிட்டது.

வீட்டிலிருந்த நோட்டைப் பார்த்து அவர் மனைவி போனில் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்ன பிறகுதான் லாரி கிளம்பியது.

"அம்புட்டு எடம் இருக்கு, அது மேலதான் வைக்கணுமா?" என்றார்.

"நெத்தியாட்டம் நடுவுல இருந்துச்சுங்க," என்றேன்.

திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ கீயைப் புதிதாக எழுதிப் பின்பக்கம் ஒட்டிவிட்டு, முகப்பில் எதுவும் எழுதாத ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டினார்.

"இனிமே இதுல வைங்க."

போன வாரம் வந்தவர் தன் லேப்டாப்பை எடுத்து மேஜையில் வைத்தார். மூடியின் நடுவில் ஒரு வெற்று ஸ்டிக்கர், அதில் காய்ந்த சந்தனம். நான் பார்ப்பதைக் கண்டதும், கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டு ரொம்ப மும்முரமாகிவிட்டார்.