ஓரகத்தி சொன்ன ஒரே பொய்

நம் மனம் நோகக் கூடாது என்று ஒருவர் ஒரு பொய் சொல்லிவிடுகிறார். அது பொய் என்று நமக்குத் தெரிந்தும் விடுகிறது. தெரியும் என்று அவரிடம் சொல்லலாமா, கூடாதா? சென்ற தை மாதம் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் நடந்த காரியத்திலிருந்து இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இன்னும் விடை தெரியவில்லை.

யுத்தத்தில் ரங்கூனைவிட்டு ஓடி வந்தவர்களில் என் கணவரின் தம்பியும் அவர் மனைவியும் உண்டு. கொழுந்தனாருக்குப் பொன்மலையில் வேலை கிடைத்தது. இருவரும் எங்களோடு தங்கினார்கள். என் ஓரகத்தி ரங்கூனிலேயே பிறந்து வளர்ந்தவள். அங்கே பழகிய புத்த தர்மத்தை இங்கேயும் விடவில்லை. தினம் காலையில் கண்ணை மூடி உட்கார்ந்து, கொல்ல மாட்டேன், திருட மாட்டேன், ஒழுக்கம் தவற மாட்டேன், பொய் சொல்ல மாட்டேன், மது தொட மாட்டேன் என்று சொல்லிக்கொண்ட பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பாள். "புத்தரும் நம்ம பெருமாளோட அவதாரம்தானே, இருந்துட்டுப் போகட்டும்" என்று மாமியார் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

ஒரு நாள் அடுத்த வீட்டு அம்மாள் பாலுக்கு உறை ஊற்றத் தயிர் கேட்டு வந்தார். இல்லையென்று சொல்லும்படி மாமியார் உள்ளேயிருந்து சைகை காட்டினார். ஓரகத்தி வாசலுக்குப் போய், "தயிர் இருக்குங்க. ஆனா அத்தை இல்லைன்னு சொல்லச் சொல்றாங்க" என்றாள்.

"இவளை வச்சுக்கிட்டுக் குடும்பம் நடத்த முடியுமாடி?" என்று மாமியார் என்னிடம் புலம்பினார். ஆனால் மறுநாளே அலமாரிச் சாவி அவள் இடுப்புக்குப் போய்விட்டது. அதுவரை அது என் இடுப்பில் இருந்தது.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அப்போது என் மகளுக்கு ஒரு வயது ஆகப்போகிற சமயம். என்னிடம் ஓயாமல் அழுகிறவள், பிள்ளையில்லாத ஓரகத்தியின் தோளில் சாய்ந்ததும் அடங்கிவிடுவாள். நான் குழந்தை தும்மினாலே பயப்படுகிறவள். கதவைத் தாழிட்டேனா என்று எழுந்து எழுந்து பார்க்கிறவள். என் பயம் குழந்தைக்கும் ஒட்டிக்கொள்கிறதோ என்று நினைத்துக்கொள்வேன். அவளுக்கு மட்டும் எங்கிருந்து அந்த நிதானம் என்று வயிறு எரியும்.

அந்த எரிச்சலில்தான் நானும் தொடங்கினேன். எனக்கும் சொல்லிக்கொடு என்று கேட்டபோது அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். "கஷ்டமே இல்ல அக்கா. ஏதாவது தவறிட்டா மறுநாள் காலையில திரும்பச் சொல்லிக்கணும், அவ்வளவுதான்" என்றாள். முதல் நாளே மகள் கன்னத்தில் உட்கார்ந்த கொசுவை அடித்துக் கொன்றேன். பொய்யை மட்டும் எப்படியோ சொல்லாமல் சமாளித்தேன். உள்ளூர, அவள் ஒரு நாளாவது தவற மாட்டாளா என்று காத்திருந்தேன்.

தை மாதம் லால்குடியில் ஒரு கல்யாணம். மகளுக்குச் சளியாக இருந்ததால் ஓரகத்தியிடம் விட்டுவிட்டு மாமியாரோடு போனேன். மகள் சுவரைப் பிடித்து நிற்கத் தொடங்கியிருந்த நேரம். நான் இல்லாத நேரத்தில் முதல் அடி வைத்துவிடுவாளோ என்ற நினைப்பிலேயே கல்யாண வீட்டில் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், "நடந்தாளா?" என்று கேட்டேன்.

"இல்ல அக்கா" என்றாள் அவள், குழந்தையின் மூக்கைத் துடைத்தபடியே.

மறுநாள் காலையில் அவள் வழக்கத்தைவிட வெகுநேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். பிறகு குழந்தையைக் கூடத்துத் தூணருகே நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டாள். "இங்க உட்காருங்க அக்கா. கையை நீட்டுங்க." என் மகள் தள்ளாடித் தள்ளாடி வந்து என் மடியில் விழுந்தாள். நான் அழுதுவிட்டேன்.

சில நாள் கழித்துக் கிணற்றடியில் அடுத்த வீட்டு அம்மாள் சொன்னார்: "நீ லால்குடி போயிருந்தியே, அன்னிக்கு உன் பொண்ணு கூடத்தையே அளந்துட்டா. மோர் வாங்க வந்தப்ப நானே பார்த்தேன். உன் ஓரகத்தி கையைத் தட்டித் தட்டிச் சிரிச்சா. அப்புறம் ஏனோ கண்ணைத் துடைச்சுக்கிட்டா."

நான் காத்திருந்தது கிடைத்துவிட்டது. ஆனால் சந்தோஷம் வரவில்லை, பொறாமைதான் கூடியது. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் முதல் நடை என்னிடம்தான் என்று தெரு முழுக்கச் சொல்லியிருப்பேன். அவளோ தான் கட்டிக் காத்த விரதத்தையே எனக்காக விட்டுவிட்டாள்.

உறவினர் யார் வந்தாலும், "அம்மாகிட்டதான் முதல்ல நடந்தா" என்று என் கணவர் சொல்கிறார். எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். நான் தலையாட்டுகிறேன். அடுப்படியில் இருக்கும் அவள் திரும்புவதில்லை. தலையாட்டுவதும் பொய்யில் சேருமோ என்று மறுநாள் காலையில் பொய் சொல்ல மாட்டேன் என்பதைத் திரும்பச் சொல்லிக்கொள்கிறேன்.

உண்மையைச் சொன்னால் அவள் கொடுத்ததை அவள் முகத்திலேயே திருப்பி வீசியதாகும். சொல்லாவிட்டால் அவளுடைய சந்தோஷத்தை நான் வைத்துக்கொண்டதாகும். அடுத்த மாதம் அவர்கள் பொன்மலைக்கே வீடு பார்த்துப் போகிறார்கள். இந்தப் பத்திரிகை படிக்கும் சகோதரிகளில் யாருக்காவது இப்படி நேர்ந்திருந்தால், அவள் சாமான் கட்டுவதற்குள் எனக்கு ஒரு வழி சொல்லுங்கள்.