பம்பலப்பிட்டி வரைக்கும் அண்ணியோடு

எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறி நின்றபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். வைத்தியர் எண்ணைச் சத்தமாக வாசிக்கவில்லை. அட்டையில் எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்தார். தொண்ணூற்றேழு கிலோ. அண்ணாவுக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து அப்போது ஏழு மாதம் ஆகியிருந்தது. அண்ணியின் இரத்த வகை அவருக்குப் பொருந்தவில்லை, என்னுடையது பொருந்தியது. தங்கை ஒரு சிறுநீரகத்தைக் கொடுக்கப் போகிறாள் என்ற செய்தி சொந்தக்காரர்களிடையே பரவி, வெளிநாட்டில் இருப்பவர்கள்கூடத் தொலைபேசியில் அழுது வாழ்த்தி முடித்துவிட்டார்கள். அதன் பிறகுதான் இந்த எடை பார்க்கும் நாள் வந்தது. "இந்த எடையில உங்களுக்கு ஒப்பரேஷன் செய்ய ஏலாது. ஒரு பதினைஞ்சு கிலோவாவது குறைச்சுக்கொண்டு வாங்கோ, பாப்பம்" என்றார் வைத்தியர். மெதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் எனக்கு அந்த அறையை விட்டு ஓடவேண்டும் போலிருந்தது. நாற்பத்திரண்டு வயது வரை என் உடம்பைப் பற்றி மற்றவர்கள் சிரித்தபோதெல்லாம் நானும் சேர்ந்து சிரித்துச் சமாளித்திருக்கிறேன். அன்றுதான் அந்த உடம்பு ஒரு உயிருக்குக் குறுக்கே நிற்பதாகத் தோன்றியது.

வெளியே மர வாங்கில் அண்ணி உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அழுவார், அல்லது கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "காலைல எத்தன மணிக்கு எழும்புவீங்க, மச்சாள்?"

எங்கள் இருவருக்கும் இடையே அதற்கு முன் பெரிதாகப் பேச்சு இருந்ததில்லை. அதற்குக் காரணம் நான். அண்ணி கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர், கத்தோலிக்கர், துறைமுகத்தில் வேலை செய்த ஒருவரின் மகள். நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் குடியேறிய குடும்பம். அண்ணா அவரைத் திருமணம் செய்யப் போவதாகச் சொன்னபோது, தேவாலயத்துக்குள் காலெடுத்து வைக்கமாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டார். திருமணத்துக்கு முதல் நாள் அண்ணா வந்து படியில் நின்றபடி, நீயாவது வா என்று என்னிடம் கேட்டார். நான் போகவில்லை. அம்மாவின் மனம் நோகும் என்று பின்னர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். அம்மா இறந்தபோது அண்ணி வந்து எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு வாரம் நின்று வேலை செய்தார். அதற்குப் பிறகும் எங்களுக்குள் சுகம் விசாரிப்பதோடு கதை முடிந்துவிடும்.

மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு என் தொடர்மாடி வீட்டின் மணி அடித்தது. மட்டக்குளியிலிருந்து கொட்டாஞ்சேனை வழியாக வரும் முதல் பஸ்ஸைப் பிடித்து அண்ணி வந்து இறங்கியிருந்தார். பம்பலப்பிட்டியில் ஒரு மருந்துக் கடையில் அவருக்கு வேலை, எட்டு மணிக்குத் தொடங்கும். கடலோர வீதியால் பம்பலப்பிட்டி வரைக்கும் என்னோடு நடந்து வருவார், அவர் அங்கேயே நின்றுவிடுவார், நான் திரும்பி வரவேண்டும். கைப்பை கனக்கும், வைத்துவிட்டு வாங்க என்று புறப்படும்போது சொன்னார். பம்பலப்பிட்டியில், கால் இரண்டும் விண்விண்ணென்று வலிக்க, பஸ்ஸில் போகலாமென்று நினைத்து, கையில் காசில்லை என்று கண்டபோதுதான் அதன் அர்த்தம் விளங்கியது. அண்ணி சிரிக்காமல், வெயில் ஏற முதல் வெளிக்கிடுங்க என்று சொல்லிவிட்டுக் கடைப் பக்கம் போனார். அன்று வீடு வந்து சேர எனக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. வழியில் மூன்று இடங்களில் உட்கார்ந்தேன். அலுவலகத்துக்குப் பிந்தித்தான் போனேன்.

முதல் மாதம் முழுவதும் எனக்கு வெட்கம்தான் பெரிய வலியாக இருந்தது. காலையில் அந்த வீதியில் நடப்பவர்களும் ஓடுபவர்களும் அதிகம். எல்லோரும் என்னைத் தாண்டிப் போனார்கள். எழுபது வயதுக்காரர்கள்கூடக் கையை வீசிக்கொண்டு தாண்டினார்கள். அண்ணி ஒல்லியான மனுஷி, நினைத்தால் என்னை விட்டு எவ்வளவோ தூரம் போயிருப்பார். ஒரு நாளும் என்னை விட ஒரு அடி முன்னால் நடக்கவில்லை. வேகமாக வா என்று சொன்னதுமில்லை. மருந்துக் கடைக்கு வருகிறவர்களின் கதைகளைச் சொல்லிக்கொண்டு வருவார். இருமலுக்கு மருந்து வாங்க வந்து தன் மருமகளைப் பற்றி அரை மணி நேரம் முறையிட்டுவிட்டு, மருந்தை மறந்து போன ஒரு ஐயாவின் கதையைக் கேட்டு, மூச்சு வாங்க நின்று சிரித்தது நினைவிருக்கிறது. என் எடையைப் பற்றியோ அண்ணாவின் நோயைப் பற்றியோ அவர் வாய் திறக்கமாட்டார். செவ்வாயும் வெள்ளியும் அண்ணாவைச் சிறுநீரகச் சுத்திகரிப்புக்குக் கூட்டிப்போகும் நாட்கள், அன்று வரமாட்டார். என்னை எழுப்புவதற்காகத் தொலைபேசியை இரண்டு முறை அடிக்கவிட்டு வைத்துவிடுவார். ஆரம்பத்தில் அந்த நாட்களில் நான் போர்த்துக்கொண்டு மறுபடி படுத்தேன். நடந்தீர்களா என்று அவர் அடுத்த நாள் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பேன். கேட்காததால்தான் ஒரு செவ்வாய்க்கிழமை எழும்பித் தனியாக நடந்தேன்.

இரண்டு மாதத்தில் ஆறு கிலோ குறைந்தது. பிறகு நின்றுவிட்டது. சோற்றைப் பாதியாக்கினேன், தேநீரில் சீனியை நிறுத்தினேன், இரவில் சோற்றுக்குப் பதிலாகக் குரக்கன் பிட்டு. ஆனாலும் ஒரு மாதமாக முள் அசையவில்லை. வெளிநாட்டிலிருந்து தொலைபேசி எடுக்கும் சொந்தக்காரர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, இப்ப எத்தனை கிலோ என்பதுதான். ஒவ்வொரு அழைப்புக்குப் பிறகும் எனக்குப் பசி வந்தது. கொள்ளுப்பிட்டி அலுவலகத்தில் ஒரு பிறந்தநாள் அன்று, கேக் வேண்டாம் என்று ஒதுங்கி நின்று நல்ல பெயர் வாங்கிவிட்டு, மாலையில் காலி வீதியில் பேக்கரி ஒன்றுக்குள் நுழைந்து மூன்று மட்டன் ரோல்ஸை நின்ற நிலையில் தின்றேன். வீட்டுக்கு வந்து நெடுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அடுத்த நாள் நடக்கும்போது அண்ணியிடம் அதைச் சொன்னேன். என்னால் ஏலாது, வேறு யாரையாவது பாருங்கோ என்றும் சொன்னேன். அண்ணாவின் உயிரோடு நான் விளையாடிவிட்டதாக அவர் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

அண்ணி பையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டார். பிறகு, "அது நேத்து முடிஞ்சுது. இன்னைக்கு வந்திருக்கீங்க தானே. நடங்க, மச்சாள்" என்றார்.

இதைவிடப் பெரிய உற்சாக வார்த்தைகளை நான் அதன் பிறகு எத்தனையோ இடங்களில் கேட்டிருக்கிறேன். மனம் தளராமல் இருப்பது எப்படி என்று பலர் எனக்கு விளக்கியிருக்கிறார்கள். என் மனம் பல தடவை தளர்ந்தது. அதை நான் மறைக்க விரும்பவில்லை. தளர்ந்த நாளுக்கு அடுத்த நாளும் ஒருவர் வந்து மணி அடித்தார் என்பதுதான் நடந்தது.

அந்த வருடத்து மழைக்காலத்தில் ஒரு நாள் வெள்ளவத்தை ரயில் நிலையத்துக் கூரையின் கீழ் இருவரும் ஒதுங்கி நின்றோம். அலை தண்டவாளம் வரைக்கும் தெறித்துக்கொண்டிருந்தது. அன்று என்னவோ வாயில் வந்துவிட்டது. "கலியாணத்துக்கு நான் வராததுக்கு அம்மா காரணமில்லை, அண்ணி. எனக்குத்தான் மனமில்லை" என்றேன். தெரியும் என்றார் அவர், மழையைப் பார்த்தபடியே. தெரிந்துமா ஒவ்வொரு நாளும் வருகிறீர்கள் என்று கேட்டேன்.

"முதல்ல அவருக்காகத் தான் வந்தேன். பொய் சொல்ல ஏலாது, உங்களப் பிடிச்சு வரல்ல." சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தார். "இப்ப செவ்வாய், வெள்ளில வராம இருக்கிறது தான் கஷ்டமா இருக்கு."

நான் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். மழை விட்டதும் நடந்தோம். அன்றைக்கு அவர் வேலைக்குப் பிந்திவிட்டார்.

ஒன்பதாம் மாதம் முடியும்போது எண்பத்துமூன்று கிலோவில் நின்றேன். இன்னும் ஒரு கிலோ மிச்சமிருக்கிறதே என்று பயந்துகொண்டு போனேன். வைத்தியர் மற்றச் சோதனைகளை எல்லாம் பார்த்துவிட்டு, இது போதும் என்றார். சத்திர சிகிச்சை நடந்தது. மயக்கம் தெளிந்தபோது கட்டிலுக்குப் பக்கத்தில் அண்ணிதான் நின்றார். அண்ணாவுக்குச் சிறுநீர் போகத் தொடங்கிவிட்டது என்று என் காதில் சொன்னார். அதைவிட நல்ல செய்தியை என் வாழ்க்கையில் எவரும் எனக்குச் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான். காயம் ஆறும்வரை ஓய்வு என்றார்கள்; காயம் ஆறிய பிறகும் நான் ஓய்விலேயே இருந்தேன். எதற்காக நடந்தேனோ அது கிடைத்துவிட்டது, இனி எதற்கு என்று உடம்பு கேட்டது. அண்ணிக்கு அண்ணாவின் மருந்தும் சாப்பாடும் பார்க்கவே நேரம் சரியாக இருந்தது. ஆறு மாதத்தில் ஏழு கிலோ திரும்பி வந்தது. கொட்டாஞ்சேனையில் அண்ணா வீட்டுக்குப் போவதையே தவிர்த்தேன். அண்ணியின் கண்ணில் படக்கூடாது என்று நினைத்தேன்.

ஒரு திங்கட்கிழமை ஐந்தரைக்கு மணி அடித்தது. கதவைத் திறந்ததும் அண்ணி என்னை மேலும் கீழும் பார்க்கவில்லை. உள்ளே வரவுமில்லை. இந்த நேரத்தில் அண்ணாவை யார் பார்ப்பது என்று கேட்டேன்.

"அவர் இப்ப தன்ட வேலைய தானே செய்றார்" என்றார். "அவர்கிட்டயும் ஒன்னு தான் இருக்கு, உங்ககிட்டயும் ஒன்னு தான் இருக்கு. ரெண்டையும் பாத்துக்கிறது என்ட வேலை. சப்பாத்தப் போடுங்க."

நான்கு வருடங்களாகிவிட்டன. நான் மெல்லிய மனுஷியாகிவிடவில்லை. எண்பதுக்கும் எண்பத்திரண்டுக்கும் இடையில் முள் ஆடிக்கொண்டிருக்கிறது. வருடாந்தச் சோதனையில் சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறது என்கிறார்கள், சீனி வியாதியும் இல்லை. நான்கு மாடிப் படிகளை நிற்காமல் ஏறுகிறேன். மூச்சு வாங்காமல் கதவைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் அண்ணியை நினைக்கிறேன். நன்றி என்று நேரே சொன்னால் அவருக்குப் பிடிக்காது, பேச்சை மாற்றிவிடுவார்.

போன மாதம் ஒரு நாள் கடலோரச் சுவரில் ஒரு பெண் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். முப்பது வயதிருக்கும், நல்ல பருத்த உடம்பு, பிள்ளை பிறந்து அதிக நாளாகவில்லை என்று தோன்றியது. எங்களைச் சில வருடங்களாக அந்த வழியில் பார்த்திருக்கிறாராம், நான் இளைத்ததையும் கவனித்திருக்கிறாராம். எடை குறைய எத்தனை மாதம் எடுத்தது, தன்னால் ஏலுமா என்று என்னிடம் கேட்டார். நான் ஒன்பது மாதக் கதையை எங்கே தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அண்ணி முந்திக்கொண்டார். நாளைக்கு ஆறு மணிக்கு இங்கே வாங்க, நாங்கள் வருவோம், மெதுவாகத்தான் நடப்போம் என்றார். பெயரைக்கூடக் கேட்கவில்லை.

மறுநாள் நாங்கள் அந்த இடத்துக்குப் போனபோது ஆறாகப் பத்து நிமிடம் இருந்தது. சுவரில் யாரும் இல்லை. வரமாட்டார் போலிருக்கிறது என்றேன். அண்ணி சுவரில் உட்கார்ந்தார், நானும் உட்கார்ந்தேன். ஆறு மணி தாண்டி ஐந்து நிமிடமும் ஆனது. வெயில் ஏறிவிடுமே என்று நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். அப்போது எதிர்ப் பக்க ஒழுங்கையிலிருந்து அந்தப் பெண் வெளிப்பட்டு, எங்களைக் கண்டதும் தயங்கி நின்றார். அண்ணி எழும்பிச் சேலையை உதறிவிட்டுக்கொண்டார்.

மூன்று பேராக நடக்கத் தொடங்கினோம். நான் என் வேகத்தைக் குறைத்துக்கொண்டேன்.