எண்டர் தட்டும் முன் வந்த எண்

அன்று தொட்டி வாயருகில் இருந்தவர்கள்: நான். என் மச்சான் ஏழுமலை. அபார்ட்மென்ட் செக்ரட்டரி சார். முதல் மாடி கம்ப்யூட்டர் மேடம். தண்ணி லாரி டிரைவர். வேறு ஆள் இல்லை.

பேய் பிசாசு எதையும் நான் நம்பினவன் இல்லை. சிட்லபாக்கம், பெருங்களத்தூர் பக்கம் எத்தனையோ வீடுகளில் தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கிக் கழுவியிருக்கிறேன், இருட்டு எனக்குப் பழக்கம். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம். இறங்குகிறவன் செருப்பை வாயருகில் விட்டுத்தான் இறங்குவான். செருப்பு கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது, தண்ணீர் விடக்கூடாது. அன்று நானும் மச்சானும் கழுவி முடித்து ஏறி, செருப்பை மாட்டிக்கொண்டோம்.

மேடம் தொட்டி வாயில் ஒரு சென்சார் வைத்திருந்தார். உள்ளே எத்தனை பேர் என்று அது எண்ணும். லேப்டாப்பில் கன்சோல் என்று ஒரு கட்டத்தைத் திறந்து கேள்வியை டைப் அடித்தார். அதில் எண்டர் தட்டும் முன்பே விடை சாம்பல் நிறத்தில் மங்கலாக வந்து நிற்கும், தட்டினால்தான் உறுதி. மங்கலில் 1 என்று வந்தது. தட்டினார். 0. மறுபடி அடித்தார். மங்கலில் 1, தட்டினால் 0.

“இப்படி மாறவே மாறாதே. ரெண்டும் ஒரே கணக்குதான்” என்றார் மேடம்.

“தட்டினா வர்றதுதாம்மா கணக்கு. லாரி போயிடுச்சுன்னா நாலு மாடிக்கும் தண்ணி இல்ல” என்றார் செக்ரட்டரி.

நான் லாரி ஹோஸை மிதித்துக்கொண்டு நின்றேன். “உள்ள ஒருத்தன் கீறான்னா அது ஒரு உசுரு சார். பாக்காம உடமாட்டேன்.”

“இன்னா மச்சான், நம்ம செருப்பு நம்ம கால்ல கீது. எவன் கீறான் உள்ள?” என்றான் ஏழுமலை.

“செருப்பு இல்லாதவனா இருப்பான்” என்று டிரைவர் சிரித்தான்.

செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். டார்ச் அடித்து நாலு மூலையையும் கையால் தடவினேன். சுவர்தான். மேலிருந்து மேடம் குரல் கேட்டது.

“அண்ணா, மங்கல்ல ரெண்டு காட்டுது. தட்டினா ஒண்ணு.”

அந்த ஒன்று நான். ஏறி வந்தேன். மேடம் கேள்வியை அடித்துவிட்டு, விரலை எண்டர் மேல் வைத்தபடி என்னையே பார்த்தார். மங்கலில் எண் குறையவில்லை. இரண்டுதான். தட்டினார். 0.

டிரைவர் இப்போது சிரிக்கவில்லை. நான் செருப்பை மாட்டினேன்.

“உள்ள யாரும் இல்ல. தடவிப் பாத்துட்டேன். நான் இங்க நிக்கிறேன். அது எத்தினி வேணா காட்டட்டும். தண்ணிய உடுப்பா.”

விட்டான். நிரம்பியது. மூடியைப் பூட்டினதும் நான்தான்.

இன்றும் இறங்குகிறேன், எவன் தடுத்தாலும் இறங்குவேன். போன வாரம் அந்தப் பக்கம் போனபோது மேடம் கூப்பிட்டார். புது சென்சார் மாற்றிவிட்டாராம். மூடி பூட்டித்தான் இருந்தது, தொட்டி நிறையத் தண்ணீர்.

“அடிங்க மேடம். எண்டர் தட்ட வேணாம்” என்றேன்.

அடித்தார். சாம்பல் எழுத்தில் வந்தது.

2.