தாமாக முன்வந்து

அரசு அலுவலகத்துக்கு வரும் மனுவுக்கு முப்பது நாட்களுக்குள் பதில் அனுப்ப வேண்டும். முடியாதென்றால், ஏன் முடியவில்லை என்பதையாவது அதே கெடுவுக்குள் எழுத வேண்டும். இந்த விதியை என் கீழ் வேலை பார்த்த எழுத்தர்களுக்கு ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொடுத்தவன் நான். துணை வட்டாட்சியராக ஓய்வுபெற்று, மனு கொடுத்தவனாக வெளியே நின்றபோதுதான் முப்பது நாள் எவ்வளவு நீளம் என்று தெரிந்தது.

குடியை நிறுத்த முயல்கிறவர்களுக்கும், அவர்கள் அருகே பொறுமையோடு உட்கார்ந்திருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

என் நோயின் முதல் அறிகுறி தண்ணீர்ச் சத்தம். சேரன்மகாதேவியில் எங்கள் வீட்டிலிருந்து ஆறு நடந்து போகும் தூரம், வீட்டுக்குள் கேட்காது. எனக்குக் கேட்டது. குழாயை எல்லாம் மூடிவிட்டு வந்து உட்கார்ந்தால் சுவருக்குப் பின்னால் வெள்ளம் நகர்ந்துகொண்டிருக்கும். காது மருத்துவர் சோதித்துவிட்டு, "உங்க காது நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி" என்றார். அதுதான் தொந்தரவே.

இரண்டு மடக்கு உள்ளே போனால் அந்தச் சத்தம் பஞ்சில் சுற்றியதுபோல அடங்கியது. அதுவரை நான் யாருடைய மாறுதல் விருந்திலாவது ஆண்டுக்கு ஒருமுறை குடித்தவன். இப்போது எனக்கென்று விதிகள் வகுத்துக்கொண்டேன்: முதலில் பொழுது சாய்ந்த பிறகே; பிற்பாடு மதிய உணவுக்குப் பிறகே; அதற்கும் பிற்பாடு காலைக் காப்பிக்குப் பிறகே. தளர்வு கோரியவனும் நான். ஆணை பிறப்பித்த அதிகாரியும் நான். என் பணிக்காலத்தில் எந்தக் கோப்பும் அவ்வளவு விரைவாக நகர்ந்ததில்லை.

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும்.

நான் ஓய்வுபெறுவதற்குச் சில மாதங்கள் முன்பு வந்த மார்கழி வெள்ளத்தில், ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே ஒரு கிராமத்தில் குளம் உடையும் நிலையில் இருந்தது. பணியாளர் யாரையும் தண்ணீருக்குள் அனுப்பக் கூடாது என்று காலையிலேயே உத்தரவு வந்துவிட்டது. பிற்பகலில் நான் தலையாரி (கிராம உதவியாளர்) இசக்கிமுத்துவைத் தொலைபேசியில் அழைத்தேன். கீழத் தெருவில் பத்துப் பன்னிரண்டு வீடுகள் இருந்தன.

"இசக்கி, அங்கன போய் அந்தச் சனங்கள மேட்டுக்கு ஏத்தி விட்டுரு. பைய பாத்துப் போ."

"சரி சார். தண்ணி இடுப்புக்குத்தான் நிக்கி."

சனங்கள் மேடேறிவிட்டார்கள். மூன்றாம் நாள் இசக்கிமுத்துவின் உடலை ஒரு வாழைத் தோட்டத்தில் கண்டெடுத்தபோது, அடையாளம் சொல்லி நானே கையெழுத்திட்டேன். வாழைகள் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்திருந்தன, யாரோ தலை வாரிவிட்டதுபோல.

அன்று மாலைக்குள் அறிக்கை போக வேண்டும். 'என் உத்தரவின் பேரில் சென்றார்' என்று எழுதியிருக்க வேண்டும். 'தாமாக முன்வந்து சென்று மக்களைக் காப்பாற்றி' என்று எழுதினேன். அழகான சொற்றொடர். அவருக்குப் பெருமை, எனக்குப் பாதுகாப்பு. இரங்கல் கூட்டத்தில் அதை வாசித்தபோது கை தட்டினார்கள்.

ஓய்வுபெற்ற அடுத்த ஆண்டு, ஒரு காலை நேரத்தில் குளியலறை வாசலில் விழுந்தேன். என் மனைவி கோமதி திருநெல்வேலியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தாள். மூன்றாம் நாள் டெலிரியம் வந்தது (தொடர்ந்து குடித்த உடலில் குடி திடீரென்று நிற்கும்போது மூளைக்கு வரும் கலக்கம், உயிரையே எடுக்கும், வீட்டில் வைத்துச் சமாளிக்கக் கூடாது).

வார்டு முழுக்கத் தெளிந்த தண்ணீர் நின்றது. எங்கள் அலுவலகத்து மேசைகள் அப்படியே போடப்பட்டிருந்தன. எழுத்தர்கள் முழங்கால் நனைய உட்கார்ந்து எழுதினார்கள். எழுத எழுத மை கரைந்து சிறு மீன்களாகப் போனது. யாருக்கும் அதில் ஆட்சேபணை இல்லை. இசக்கிமுத்து குடையை மடக்கியபடி வந்து வருகைப் பதிவேட்டை என் முன்னால் நீட்டினார். "சார், நான் எங்கன கையெழுத்துப் போடணும்?" அவருடைய கட்டத்தைத் தேடினேன். பக்கம் பக்கமாகப் புரட்டினேன். பதிவேடு முழுக்க என் கையெழுத்துதான் இருந்தது.

தெளிந்த பிறகு மனநல மருத்துவர் வந்தார். உவரிக்காரப் பெண், அப்பா கட்டுமரத்தில் மீன் பிடித்தவர். கலக்கத்தில் நான் பிதற்றியதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருந்தார். என் ஈரலைப் பற்றிப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன்.

"அந்தத் தண்ணி எந்த ஊர்த் தண்ணி, சார்?" என்று கேட்டார்.

சொன்னேன். கோமதியும் அப்போதுதான் முதன்முறையாகக் கேட்டாள். அவள் பிளாஸ்க்கின் மூடியைத் திருகித் திருகி மூடினாள்.

எனக்கு இருப்பது உளக்காயம் (பெரும் அதிர்ச்சி மனதிலும் உடலிலும் ஆறாமல் நிற்பது) என்று மருத்துவர் விளக்கினார். "குடி உங்களுக்கு நீங்களே எழுதிக்கிட்ட மருந்துச் சீட்டு. சீட்ட மட்டும் நான் கிழிச்சுப் போட்டா, வலி வேற கடை தேடும். ரெண்டையும் சேத்துத்தான் பாக்கணும்."

பல வாரங்கள் அப்படித்தான் பார்த்தோம். பிறகு ஒருநாள், கோமதியோடு இசக்கிமுத்துவின் மனைவி பேச்சியம்மாளைப் பார்க்கப் போனேன். வாழைத்தார் வெட்டும் வேலை முடிந்து வந்திருந்தாள். சேலையில் வாழைக் கறை. "வாங்க சார்" என்று நாற்காலி போட்டாள். கோமதி இசக்கிமுத்துவைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினாள்.

"அவியகூட எனக்குப் பேச்சு இல்லக்கா" என்றாள் பேச்சியம்மாள்.

அடுத்த அறையில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆளைப் பற்றிச் சொல்வதுபோல இருந்தது.

"அன்னைக்குக் காலைல என் தலையில கைய வச்சுச் சத்தியம் பண்ணுனாவ, வெளிய எறங்க மாட்டேன்னு. பெறவு என்னாச்சு? தாமாக முன்வந்துன்னு கவர்மெண்டே எழுதியிருக்கு. யாரு கூப்பிட்டா? தாமாவே போயிருக்காவ. நானும் பிள்ளையும் நெனப்புல இல்ல. படையல் போடுதேன், ஊருக்காக. பேசமாட்டேன்."

நான் பெருமை என்று எழுதியது, இந்த வீட்டில் துரோகம் என்று வாசிக்கப்பட்டிருந்தது.

"நான்தான் அனுப்பினேன் பேச்சியம்மா. அவரு தானாப் போகல."

பேச்சியம்மாள் என் பக்கம் திரும்பினாள். "இப்ப வந்து வாயால சொல்லுதீய. எழுத்துல போட்டத வாயால அழிக்க முடியுமா? எழுத்துல கொண்டாங்க, நம்புதேன்."

அறிக்கையைத் திருத்தக் கோரி மறுநாளே மனு எழுதினேன். பொருள், பார்வை, இணைப்பு எல்லாம் முறைப்படி. எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை, எல்லாம் ஒன்றுபோலத்தான். முப்பது நாள் போயிற்று. நினைவூட்டு அனுப்பினேன். நாற்பத்து மூன்றாம் நாள் பிரிவு எழுத்தரை அழைத்தேன்.

"பரிசீலனைல இருக்கு சார். உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். அந்தச் சொல்லை அவருக்குக் கற்றுக்கொடுத்தவனே நான்தான். போனை வைத்ததும் சுவருக்குப் பின்னால் வெள்ளம் நகர்ந்தது. பதினொரு மணி வெயிலில் நடந்துபோய் வாங்கிக் குடித்தேன்.

கோமதி கத்தவில்லை. "சட்டையப் போடுங்க. டாக்டரப் பாக்கப் போவோம்" என்றாள். உங்களில் யாருக்காவது சறுக்கினால் இதைச் செய்யுங்கள், அன்றைக்கே செய்யுங்கள்.

"பதில் வந்தாத்தான் பிழைப்பேன்னு இருக்கீங்க" என்றார் மருத்துவர். "உங்க ஈரல அந்த எழுத்தர் மேசையில வச்சுட்டு வந்திருக்கீங்க சார். பேப்பர் வெயிட்டுக்கு ஆகும்னு நெனச்சுக்கிடப் போறாரு."

சிரித்துவிட்டேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு; விலா வலித்தது.

சத்தம் வரும்போது செய்ய ஒரு பயிற்சி கொடுத்தார். பாதம் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். சூடா, குளிரா, சொரசொரப்பா என்று சொல்ல வேண்டும். கேலியாகத்தான் தொடங்கினேன். பிறகு ஒருநாள் காலையில் ஆற்றுக்கே போய்ப் படியில் நின்று செய்தேன். காலடியில் கல், கல்லில் பாசி, கணுக்காலில் தாமிரபரணி. உள்ளே கேட்ட சத்தமும் வெளியே கேட்ட சத்தமும் சிறிது நேரம் ஒன்றின்மேல் ஒன்று ஓடின. பிறகு எது எது என்று பிரிந்தது. வெளியே ஓடியதற்கு என்மேல் எந்த வழக்கும் இல்லை. அது வயலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அதன்பின் என் நாட்கள் வேறு மாதிரி ஆயின. அறுபது வருடம் தலையைச் சுமந்து செல்லும் வாகனமாக மட்டும் இருந்த உடம்பு, இப்போது தனி ஆளாகப் பக்கத்தில் உட்காருகிறது. பசித்தால் சொல்கிறது, பயந்தாலும் சொல்கிறது. முற்பகல் என்றும் பிற்பகல் என்றும் நான் பிரித்துவைத்திருந்த பொழுது ஒரே நீளமான வெளிச்சமாகக் கிடக்கிறது. சத்தம் நின்றுவிட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. வரும், சற்று இருக்கும், போகும். வந்தவரை எதிர்கொள்ளக் கையில் கண்ணாடிக் குவளை வேண்டும் என்ற கட்டாயம்தான் இல்லை.

காத்திருப்பதையும் மறந்திருந்த ஒரு பகலில் தபால் வந்தது. ஒரே தாள். 'தாமாக முன்வந்து' என்னும் சொற்கள் நீக்கப்பட்டு, 'துணை வட்டாட்சியரின் வாய்மொழி உத்தரவின் பேரில்' என்று திருத்தப்படுகிறது. என்மேல் மேல்நடவடிக்கை பற்றித் தனியே தெரிவிக்கப்படுமாம். தெரிவிக்கட்டும்.

அப்போதே பேருந்து ஏறினேன். பேச்சியம்மாள் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள். 'உத்தரவின்' என்ற இடத்தில் விரல் நின்றது. பிறகு என்னைத் திட்டத் தொடங்கினாள். தெருவே வந்து நின்றது. இத்தனை காலமும் அவள் அந்தத் திட்டைச் செத்தவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இப்போது அது சரியான முகவரிக்கு வந்து சேர்ந்தது. பாதம் தரையில் இருப்பதைப் பார்த்தபடி முழுவதையும் வாங்கிக்கொண்டேன்.

ஓய்ந்தபின் உட்கார்ந்தாள். சுவரில் இருந்த இசக்கிமுத்துவின் படத்தைப் பார்த்து, மெதுவாக, என்னிடம் பேசாத குரலில் சொன்னாள்: "சொல்லியிருக்கலாம்லா, சார் அனுப்புனாருன்னு. நான் என்னத்தக் கண்டேன்?"

பிறகு தாளை என்னிடம் நீட்டினாள். "முத்திர விழுந்து தேதி தெரியல. என்னன்னு பாத்துச் சொல்லுங்க. எத்தன நாளா அவியகூடப் பேசாம இருந்தேன்னு கணக்குச் சொல்லணும்லா."

வெளிச்சத்தில் பிடித்துப் படித்துச் சொன்னேன்: மார்ச் பதினொன்று, புதன்கிழமை.